முதல்ல போட்டதா, இப்ப போட்டதா?

என் வேலை கேள்வி கேட்பது. கண்ணாடிக் கடையின் உள்ளறையில், நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் மூக்கில் இரும்புச் சட்டத்தை மாட்டி, ஒரு லென்ஸைப் போட்டு எடுத்து, இன்னொன்றைப் போட்டு, "முதல்ல போட்டது தெளிவா இருந்துச்சா, இப்ப போட்டதா?" என்று கேட்க வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரை இதே பல்லவி. தொண்டை வறண்டு வீட்டுக்கு வந்தால், செருப்பைக் கழற்றுவதற்குள் உள்ளேயிருந்து குரல் வரும்.

"ஏம்மா, கொஞ்சம் இங்க வாயேன். முதல்ல போட்டது நல்லாருக்கா, இப்ப போட்டதா?"

என் வீட்டுக்காரர் இசையமைப்பாளர். இதுவரை ஒரு மெத்தைக் கடை விளம்பரத்துக்கும், ஒரு பல் மருத்துவமனைக்குப் போன் செய்து காத்திருப்பவர்கள் கேட்பதற்கும் இசை போட்டிருக்கிறார். இப்போதுதான், கும்பிடாத சாமியையெல்லாம் கும்பிட்ட பிறகு, ஒரு டிவி தொடருக்கு முகப்பு இசை போடும் வாய்ப்பு வந்திருந்தது. குடும்பத்துக்காக உழைத்து ஓடாய்த் தேயும் ஒரு பெண்ணின் கதை. வெள்ளிக்கிழமைக்குள் இசை கைக்கு வரவில்லை என்றால் ரெடிமேடாக ஒன்றை வாங்கிப் போட்டுக்கொள்வதாக டைரக்டர் சொல்லிவிட்டார். இதையும் கோட்டைவிட்டால் அப்புறம் யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

மெட்டு முதல் நாளே தயாராகிவிட்டது. நன்றாகவும் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. குக்கர் கழுவும்போது என்னை அறியாமல் முணுமுணுத்தேன். அத்தோடு அனுப்பியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் அதற்கு ஒரு ஆர்ப்பெஜியேட்டர் வேண்டுமாம்.

அது என்னவென்று எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. கீபோர்டில் மூன்று, நான்கு கட்டைகளைச் சேர்த்து அழுத்திப் பிடித்தால், அந்தச் சுரங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, மேலும் கீழும் ஓடவிடும் ஒரு பிளக்கின், அதாவது கம்ப்யூட்டரில் இறக்கிக்கொள்ளும் குட்டி மென்பொருள். கையால் வாசித்தாலும் வரும்.

"கையாலயே வாசிச்சிருங்களேன்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் சொல்ல முடியாது. துணி துவைக்கிற கல்லைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"கைக்குக் கை வித்தியாசம் வரும்மா. மனுஷத்தனமா இருக்கும்."

"சரி."

"அதனால பிளக்கின்ல போட்டு, அதுக்குள்ள 'ஹ்யூமனைஸ்'னு ஒரு பட்டன் இருக்கு, அத அழுத்துனா மனுஷன் வாசிச்ச மாதிரியே வரும்."

நான் போய்க் குக்கரை அடுப்பில் வைத்தேன்.

அன்றிலிருந்து வீடு அல்லோலகல்லோலப்பட்டது. ஒரு பிளக்கினை இறக்குவார், சோதித்துப் பார்ப்பார், அதைப் பற்றி யூடியூபில் தாடிக்காரர் ஒருவர் பேசுவதைக் கேட்பார். தாடிக்காரர் வேறொன்றைச் சொல்வார், உடனே அது வரும். எல்லாம் எனக்கு ஒரே டிங்டிங்டிங்தான். "இதுல வெதுவெதுப்பு இருக்கு, அதுல காத்து இருக்கு" என்பார். குளியலறைக் குழாயிலும் காற்றுதான் வருகிறது, அதைப் போய்ப் பார்க்க ஆளில்லை.

கண்ணாடிக் கடையில் எங்களிடம் ஒரு தந்திரம் உண்டு. வந்தவர் சும்மா அடித்துவிடுகிறாரா என்று பார்க்க, ஒரே லென்ஸை எடுத்துவிட்டு அதையே மறுபடி போடுவோம். பலர் "ஆங், இப்ப சூப்பர்" என்பார்கள். ஒரு நாள் எரிச்சல் தாங்காமல் அதை வீட்டிலும் செய்தேன். "நீங்க கண்ண மூடுங்க, நான் மாத்திப் போடறேன்" என்று சொல்லி, ஒன்றையே இரண்டு முறை போட்டேன்.

"ரெண்டாவதுதான்! அடேங்கப்பா, என்ன ஆழம்! முதலாவது பிளாஸ்டிக்" என்றார்.

நான் உண்மையைச் சொல்லவில்லை. பாவம், அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்.

இதில் என் நாத்தனார் வேறு. இவருடைய அக்கா. போன் செய்யும்போதெல்லாம், "என் தம்பிக்குப் பாம்புக் காதும்மா. எதிர்வீட்ல ஊசி விழுந்தாக்கூடக் கேட்கும்" என்பார். எதிர்வீட்டில் விழுந்தால் கேட்கும்தான் அண்ணி. நம் வீட்டில் அண்டாவே விழுந்தாலும் கேட்காது.

செவ்வாய்க்கிழமை, டைரக்டர் நச்சரித்ததால், இவர் இருப்பதை அப்படியே மாதிரிக்கு அனுப்பினார். காசு கொடுக்காத சோதனைப் பிளக்கினில் செய்தது. அப்படிப்பட்டவை அவ்வப்போது தாமாகவே வாயை மூடிக்கொள்ளும், வாங்கினால்தான் முழுதாகப் பாடும். தாளத்துக்காக எவர்சில்வர் டம்ளரைத் தட்டி மைக்கில் பதிவு செய்திருந்தார். அனுப்பிய கையோடு, டம்ளர் தட்டும் சத்தத்துக்கும் ஒரு பிளக்கின் கிடைக்கவே, மைக்கில் பதிந்ததை அழித்துவிட்டார்.

மறுநாள் டைரக்டர் கூப்பிட்டார்.

"தம்பி, பின்னிட்டய்யா! நடுவுல எல்லாம் நின்னுபோயி, ஒரு மூச்சு மாதிரி ஒண்ணு வருதே, அதுதான்யா என் கதாநாயகி! அவ மொத்த வாழ்க்கையும் அந்த ஒரு இடத்துல இருக்கு. அதுமட்டும் தனியா, சுத்தமா, கொஞ்சம் நீளமா வேணும். அது இல்லன்னா எனக்கு இந்தப் பாட்டே வேணாம்."

இவர் துள்ளிக் குதித்து அந்தப் பிளக்கினை வாங்கிவிட்டார். வாங்கியதும் அது நிற்காமல் ஓடியது. இடைவெளியும் இல்லை, மூச்சும் இல்லை. அனுப்பிய பாட்டிலிருந்து வெட்டி எடுத்தால், கடைசியாகத் தட்டிய டம்ளரின் ரீங்காரமும் கூடவே வந்தது. போச்சுடா!

நான் வேலையிலிருந்து வந்ததும் அதைப் போட்டுக் காட்டினார்.

"இந்தச் சத்தம் எந்தப் பிளக்கின்ல இருந்து வந்திருக்கும்னு தெரியலம்மா. கேளு."

டிங்டிங்டிங் ஓடி, சட்டென்று நின்றது. அந்த மௌனத்தில், தூரத்திலிருந்து, ஒரு நீண்ட பெருமூச்சு.

அது நான். சாப்பாடு ஆறிப்போகிறது என்று கூப்பிட வந்து, கதவருகே நின்று, அவர் திரும்பாததைப் பார்த்துவிட்டு விட்ட மூச்சு. டம்ளருக்காகத் திறந்திருந்த மைக் அதையும் வாங்கிக்கொண்டிருக்கிறது.

"ஏதோ புல்லாங்குழல் மாதிரி ஆரம்பிச்சு, கீழ இறங்குது பாரு. பழைய சிந்தசைஸரா இருக்கும்" என்றார்.

சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. ஆனால் நெஞ்சு கசந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து இந்த மூச்சைக் காதருகே கேட்டுக்கொண்டிருக்கும் மனுஷன், அது சிந்தசைஸர் என்கிறார். எப்போதாவது தானே தெரிந்துகொள்வார், தெரிந்துகொள்ளட்டும் என்று வீம்பு பிடித்தேன். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

வியாழன் முழுக்கத் தேடினார். சாப்பிடவில்லை, தலை வாரவில்லை. வெள்ளிக்கிழமை நான் லீவு போட்டேன். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது அவருக்கு. பார்க்கச் சகிக்கவில்லை. என் வீம்புக்கு அவர் பிழைப்பில் மண்ணைப் போடுவதா? சரி, தொலையட்டும், சொல்லிவிடலாம் என்று அறைக்குள் போனேன். போனில் டைரக்டர். ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"தம்பி, இன்னைக்குக் கடைசி. இருக்கா, இல்லையா?"

"இருக்கு சார், ஒரே நிமிஷம், ரெண்டுல ஒண்ணு அதுதான்" என்றவர், என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, கடவுள் மாதிரி வந்த. கேட்டுச் சொல்லு" என்று இரண்டு சத்தங்களை அடுத்தடுத்துப் போட்டார். "முதல்ல போட்டதா, இப்ப போட்டதா?" என்றார்.

சொல்ல வந்ததைச் சொல்வதற்குள் மறுபடி அதே கேள்வி. பெருமூச்சுதான் வந்தது.

"யோவ்! அதுதான்யா! அதேதான்!" என்று போன் அலறியது. "கண்டுபிடிச்சுட்டியே, ராஜா!"

இவர் இடது ஸ்பீக்கரைப் பார்த்தார். வலது ஸ்பீக்கரைப் பார்த்தார். குனிந்து மேஜைக்கடியில் வயரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துப் பதறினார்.

"நீ எதையாவது தொட்டியா?"

"தொடல. மூச்சு விட்டேன்."

அவர் கை மவுஸிலிருந்து மெல்ல இறங்கியது. போனில் டைரக்டர் "யாரு தம்பி அது?" என்றார்.

"வீட்ல, சார்" என்றார் இவர். குரல் உள்ளே போய்விட்டது. "என் மனைவி."

"அவங்கள வச்சே எடுத்து அனுப்புய்யா, சாயங்காலத்துக்குள்ள" என்று டைரக்டர் போனை வைத்தார்.

இவர் தன் நாற்காலியை எனக்குத் தள்ளினார். அந்த நாற்காலியில் நான் உட்காருவது அதுதான் முதல் தடவை. அவர் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"எவ்ளோ நாளா இப்படி?" என்று கேட்டார்.

"எப்படி?"

"இந்த மூச்சு."

பதில் சொன்னேன். கடையில் நாளெல்லாம் நிற்கிற கால்வலியைச் சொன்னேன், ஆறிப்போகும் சாப்பாட்டைச் சொன்னேன், ஒரே பிளக்கினை இரண்டு முறை போட்டதையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். கண் கலங்கியிருந்தது. அப்புறம் ரொம்பத் தயங்கி, "இப்ப ஒரு தடவை விடறியா?" என்றார்.

முயன்று பார்த்தேன். வெறும் காற்றுதான் வந்தது. அவர் அப்படி முகத்தையே பார்த்துக்கொண்டு, சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பெருமூச்சு எங்கிருந்து வரும்?

"வரல" என்றேன்.

"பரவால்ல, அவசரமில்ல" என்று எழுந்தார். அலமாரியைத் திறந்தார். திரும்பியபோது ஒவ்வொரு கையிலும் ஒரு மைக்.

"ஏம்மா, எதுல எடுக்கலாம்? இதுலயா, அதுலயா?"

வந்தது. டைரக்டர் கேட்டதைவிட நீளமாக, சுத்தமாக, தன்பாட்டுக்கு வந்தது.

"ஐயையோ!" என்று தலையில் கைவைத்தார். "ரெக்கார்ட் பண்ணலையே!"

"பதறாதீங்க" என்றேன். "இன்னும் நிறைய இருக்கு."