ஆளுக்குப் பாதி மாத்திரை

1

இப்போதெல்லாம் மனிதர்கள் தும்மினால்கூடப் படம் எடுத்து ஊருக்கே அனுப்புகிறார்கள். தொப்புளுக்குக் கீழே வலித்தால் மட்டும் வாயைத் தைத்துக்கொள்கிறார்கள். கேட்டால் வாய்வுத் தொல்லையாம். இத்தனை பேருக்கா வாய்வு பிடிக்கும்?

இந்தக் கதை நான் உட்கார்ந்து யோசித்தது இல்லை. முழங்காலைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுப் போடும் கட்டிலுக்கும் டாக்டரம்மா மேஜைக்கும் நடுவில் ஒரு பச்சைத் துணி. துணி முகத்தை மறைக்கும், பேச்சை மறைக்குமா? பாதி அங்கே கேட்டது. மீதி என் கைச்சரக்கு. எது எது என்று சொல்லமாட்டேன்.

2

அவள் முகம் நிலவைப் போல—

வேண்டாம். அடிவயிறு வலிக்கிறவள் முகம் எங்கே நிலவு மாதிரி இருக்கும்?

மறுபடியும். அவள் சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். நாள் முழுக்க நிற்கிற வேலை. அடிவயிறு இழுத்துப் பிடித்தால், தேய்த்த சூட்டோடு ஒரு துண்டை மடித்து வயிற்றில் அழுத்திக்கொண்டு மேஜையோரம் சாய்ந்து நிற்பாள். காய்ச்சல் வந்து வந்து போனது. வெள்ளைபடுதல் நிறம் மாறி நாறியது. (இதை எழுதலாமா என்று பார்த்தேன். நாறியதை வேறு எப்படி எழுதுவது?) கல்யாணமாகி நாலு வருஷம், குழந்தை இல்லை. டாக்டரிடம் போனதே அதற்காகத்தான், வலிக்காக இல்லை.

டாக்டரம்மா முதல் தடவையே விளக்கியிருக்கிறார். கிருமி கீழிருந்து ஏறிக் கருப்பையையும் கருக்குழாயையும் புண்ணாக்கியிருக்கிறது. விட்டால் குழாய் அடைத்துக்கொண்டு பிள்ளைக்கு வழியில்லாமல் போகலாம். இரண்டு வாரம், காலையும் இரவும் மாத்திரை. வீட்டுக்காரரும் வந்து மருந்து வாங்க வேண்டும்.

3

துணிக்கு அந்தப் பக்கம்:

"மாத்திரையை முழுசா முடிச்சியாம்மா?"

"ஒண்ணுகூட மிச்சமில்லீங்க."

"அப்புறம் ஏன் வலி அப்படியே இருக்கு? வீட்டுக்காரர் வந்து வாங்கிட்டுப் போனாரா?"

"அவருக்கும் குடுத்துட்டேங்க."

"எதைக் குடுத்தே?"

"என்னோடதுலயே பாதி. பொம்பளங்க வரிசையில வந்து நிக்கமாட்டேன்னுட்டாரு. அதான் சத்து மாத்திரைன்னு சொல்லி, காலையில நான், ராத்திரி அவரு."

பேனாவை மேஜையில் போடுகிற சத்தம்.

"நல்லாப் பங்கு போட்டே போ. பாதி மருந்துக்குக் கிருமி சாவாதும்மா. இப்ப உனக்கும் போகல, அவருக்கும் போகல."

"அப்ப குழந்தை?"

"இப்பவே சொல்ல முடியாது, ஸ்கேன் பாக்கணும். அவர் வரலன்னா கிடக்கட்டும், தனியா எழுதித் தர்றேன். ரெண்டு பேரும் முழுசா முடிங்க. அதுவரைக்கும் தள்ளிப் படுங்க."

4

புருஷனை முதலில் லாரி டிரைவர் என்று எழுதினேன். உடனே நீங்கள் தலையாட்டினீர்கள். அதனாலேயே அடித்துவிட்டேன். கடிகாரம் பழுதுபார்க்கிறவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது ஆட்டுங்கள் பார்ப்போம்.

அவன் தப்பானவனா? "யார்கிட்டேருந்து வந்துச்சுன்னு நான் பஞ்சாயத்து பண்ணல. பல வழியில வரும். சில பேருக்கு உள்ள இருக்கிறதே தெரியாது," என்றார் டாக்டரம்மா. எனக்கு அது பிடிபடவில்லை. வலிக்காத நோய் என்ன நோய்?*

* நோய்தான் என்று மருந்துக் கடைக்காரனும் சொன்னான். மருந்து விற்கிறவன் வேறென்ன சொல்வான்.

5

முடிவு ஒன்று: அவன் மனம் திருந்தி—

நாலு வரியில் திருந்துகிற ஆம்பிளையை நான் பார்த்ததில்லை.

முடிவு இரண்டு: அவள் அம்மா வீட்டுக்குக் கிளம்பி—

அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எனக்கே தெரியாது.

சரி, இது. சாயங்காலம், சமையலறை. அவனுக்கென்று தனி மாத்திரை அட்டை. பிரித்து ஒன்றை அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது சத்து மாத்திரை இல்லீங்க. முன்னாடி ராத்திரியில குடுத்ததும் சத்து மாத்திரை இல்ல."

"பின்ன என்ன?"

"என் வயித்துல இருக்கிற புண்ணுக்கு. உங்களுக்கும் கிருமி இருக்கலாமாம்."

"எனக்கு எங்க வலிக்குது? கல்லு மாதிரி இருக்கேன்."

"கல்லு மாதிரியே இருங்க. வலியை நான் பாத்துக்கறேன். முழுங்குறதை மட்டும் நீங்க செய்யுங்க."

அவன் மாத்திரையைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவள் தண்ணீர் டம்ளரை நீட்டிக்கொண்டே நின்றாள். கை கடுத்தும் இறக்கவில்லை.

விழுங்கினானா? நீங்கள் வேண்டுமானால் விழுங்க வையுங்கள். எனக்கு அவன் மேலும் நம்பிக்கை இல்லை, உங்கள் மேலும் இல்லை. அவள் அங்கேயே நிற்கிறாள். நான் கிளம்புகிறேன்.