கூப்பிடு தூரத்தில் சாமி இல்லை

கால்மாட்டில் இருந்த மின்சாரக் கணப்பின் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, அதே இடத்தில் டேப் ரிக்கார்டரின் ஒயரைச் செருகினார் மத்சுவோ. சாகிறவரின் கால் குளிர்ந்தால் குளிரட்டும். சாட்சியம் ஆறிப்போகக் கூடாது.

"கென்சாக்கு அண்ணே, மைக்க வாய்கிட்ட வச்சிருக்கேன். அன்னிக்கு மாதா எப்படிக் கூப்பிட்டாங்க? ஒரே ஒரு தடவ சொல்லிருங்க. சின்னதா சொன்னாலும் போதும்."

தொமோயே ஈரப்பஞ்சால் அப்பாவின் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "ஐயா, அவரால மூச்சே விட முடியல."

"மூச்சும் பதிவாகட்டும்மா. கேக்கறவங்களுக்கு உருக்கமா இருக்கும்."

மத்சுவோ, உரகாமிப் பங்கின் அதிசய சாட்சியக் குழுவுக்குத் தலைவர். அணுகுண்டு விழுந்த அன்று அவர் சசேபோவில், கடற்படைக் கிடங்கில் போர்வை மடித்துக்கொண்டிருந்தார். அதனால்தான் குண்டைப் பற்றித் தயக்கமே இல்லாமல் பேச அவரால் முடிந்தது. அவர் எழுதிய 'மாதா அழைத்த மனிதர்' ஐந்தாம் பதிப்பு கண்டுவிட்டது. கதை இதுதான்: விண்ணேற்புத் திருநாளுக்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்ய ஊரே கோயிலில் வரிசை நின்றது. கோயில்பிள்ளை கென்சாக்கு மூன்றாவது ஆள். தன் இடத்தை விதவை ஷிமோவுக்குத் தானமாகக் கொடுத்தார். அவளுடைய கிமோனோவை விற்றுக் கிழங்கு வாங்கிவர மூட்டையைத் தூக்கிக்கொண்டு, ஏழு வயது மகளோடு கோன்பிரா மலையைத் தாண்டினார். பதினோரு மணி இரண்டு நிமிடத்துக்குக் குண்டு விழுந்தபோது நடுவில் மலை நின்றது. இந்தப் பக்கம் கோயிலும் இல்லை, சாமிமாரும் இல்லை, வரிசையும் இல்லை. ஷிமோ நேராக மோட்சம் போனாள், கென்சாக்கு சாட்சி சொல்ல மிஞ்சினார். வெள்ளை உடுத்திய மாதா மலையுச்சியிலிருந்து கைகாட்டி அழைப்பது ஏழாம் பக்கம்.

அந்த மாதா கதைக்குள் வந்து சேர்ந்தது ஐந்து வருடம் கழித்து. வெளிநாட்டுச் சாமியார் ஒருவர் மொழிபெயர்ப்பாளரோடு வந்து, "மாதா உங்களைக் கூப்பிட்டாங்களா?" என்று கேட்டார். கென்சாக்கு தலையை ஆட்டி "ஹாய்" என்றார். இங்கே 'ஹாய்' என்றால் 'ஆமாம்' என்றும் ஆகும். 'காது கேட்கிறது, மேலே சொல்லுங்கள்' என்றும் ஆகும். வெள்ளைக்காரரின் பென்சில் வேகமானது. அச்சில் வந்த பிறகு விருந்தாளியைத் திருத்துவது மரியாதை இல்லை. பிறகு வந்தவர்கள் எல்லோருமே விருந்தாளிகள்.

அன்றைக்கு எரிந்த எட்டாயிரத்துச் சொச்சம் பேரின் கையிலும் அதே ஜெபமாலைதான் இருந்தது. அவர்களுக்கு அந்தப் புத்தகத்தில் மொத்தம் அரைப் பக்கம்.

தொமோயே பத்தாம் பக்கத்தில் வருகிறாள், மூட்டையின் ஒரு முனையைப் பிடித்தபடி. அவளுக்கு வரன் வந்ததே அந்தப் பத்தாம் பக்கத்தால்தான். இப்போது முப்பத்தேழு வயது. அப்பாவின் பாதம் நீலம் பாரித்திருப்பதைப் பார்த்தாள். எழுந்து ரிக்கார்டர் ஒயரைப் பிடுங்கிக் கணப்பைச் செருகினாள்.

"அட, என்னம்மா!" என்றார் மத்சுவோ. பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, வீட்ல நீள ஒயர் ஒண்ணு இருக்கு, போய் எடுத்துட்டு வரேன். அதுக்குள்ள முக்கியமா எதுவும் சொல்ல விட்ராத" என்றார். கதவருகே நின்று, "தகாவா சாமிக்குச் சொல்லியாச்சு. பனியில பஸ் இல்ல, நடந்தே வர்றாராம்" என்றார்.

கென்சாக்குவின் கண் திறந்தது. "பெரிய சாமி?"

"அவரு கோத்தோ தீவுல மாட்டிக்கிட்டாருண்ணே, கப்பல் ஓடல. கவலைப்படாதீங்க, தகாவா சாமிக்கு உங்க மேல உசிரு."

அவர் போன பிறகு அப்பாவின் கை தொமோயேயின் மணிக்கட்டைப் பிடித்தது. மூன்று நாளாகக் கரண்டி பிடிக்காத கை. இவ்வளவு பலம் அதில் எங்கே இருந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"தகாவா வேணாம்."

"ஏம்பா? பாவசங்கீர்த்தனம் பண்ணணும்னு நீங்கதானே கேட்டீங்க?"

"அவன் ஷிமோ அக்கா மவன்."

குண்டு விழுந்தபோது தகாவா சாமி பன்னிரண்டு வயதுப் பையன். வெளியூர்க் குருமட விடுதியில் இருந்ததால் பிழைத்தார். தன் அம்மா பாவமன்னிப்புப் பெற்றுச் செத்தாள், அதற்கு இடம் கொடுத்தவர் இந்த மனிதர் என்று ஒவ்வொரு ஆகஸ்ட் ஒன்பதாம் தேதியும் பிரசங்கத்தில் சொல்வார்.

"மாவு ஞாபகம் இருக்கா, தொமோயே?"

இருந்தது. முப்பது வருடமாக அவள் கேட்காத கேள்வி அது. ஜூலை மாதம், ஊரே தவிடு தின்றுகொண்டிருந்தபோது அவள் கிண்ணத்தில் மட்டும் வெள்ளை வெளேரென்று ஐந்து உருண்டை. 'தின்னு, கேக்காத' என்றார் அப்பா. அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்திலும் அந்த ருசியை அவள் சாப்பிட்டதில்லை.

"பூசைக்கு ஓஸ்தி அப்பம் சுட வச்சிருந்த மாவு. ஒளிச்சு வைன்னு சாமி எங்கிட்ட குடுத்தது."

"அப்பா, அது மந்திரிக்காத மாவு. வெறும் மாவு."

"வெறும் மாவுன்னுதானே தின்னேன். மந்திரிச்சிருந்தா கும்பிட்டுருப்பேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

"மூணாவதா நின்னேன். உள்ள சாமி தும்முறது கேட்டுச்சு. உங்க மாவத் தின்னுட்டேன்னு அவருகிட்டயே எப்படிச் சொல்றது? பின்னாடி திரும்பினா ஷிமோ அக்கா. வரிசை பெருசா இருக்கு, மலைக்கு அந்தப் பக்கம் நிஷியாமாவுக்குப் போயிட்டு சாயங்காலமா வரேன்னு கிளம்பிட்டாங்க. கிளம்பினவங்கள நாந்தான் நிறுத்தினேன். என் இடத்துல நில்லுக்கான்னு தள்ளி விட்டுட்டு மூட்டையப் புடுங்கிக்கிட்டு ஓடினேன்." மூச்சுக்காக நிறுத்தினார். "மாதா கூப்பிடல. யாருமே கூப்பிடல. தப்பிச்சு ஓடினேன்."

"அப்பா, போதும்."

"மறுபடி எத்தனையோ பாவசங்கீர்த்தனம் பண்ணினேன். மத்ததெல்லாம் சொன்னேன், இத மட்டும் மறைச்சுட்டுப் போய் நற்கருணை வாங்கினேன், அது இன்னும் பெரிய பாவம். இப்பக் கண்ண மூடினா அந்த வரிசை தெரியுது. எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க. மூணாவது இடம் மட்டும் காலியா இருக்கு."

அறையில் கணப்பு சூடாகத்தான் இருந்தது. தொமோயேவுக்கு முதுகில் ஈரத்துணி ஒட்டியதுபோல் இருந்தது. ஐந்து உருண்டையை விழுங்கிய வாய் அவளுடையது. அந்த வரிசை அவளையும் பார்க்குமா?

"சாமி வேணாம்" என்றார். "கொஞ்சிரிசான் சொல்லிக்கறேன்."

இருநூற்றைம்பது வருடம் மதத்தடைக்குப் பயந்து, சாமியாரே இல்லாமல் ஒளிந்து வாழ்ந்த முன்னோர்கள் விட்டுப்போன மனஸ்தாப மந்திரம் அது. பாதி போர்த்துகீசு, பாதி உள்ளூர்ப் பேச்சு, மிச்சம் யாருக்கும் புரியாதது. மனசார நொந்து சொன்னால் சொல்கிறவன் பாவம் அத்தனையும் தீரும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. கூப்பிடு தூரத்தில் சாமி இருந்தால் மந்திரம் செல்லாது. அவரிடம்தான் சொல்லியாக வேண்டும். கோயில் மறுபடி எழும்பி, சாமிமார் சைக்கிளில் சுற்றும் காலத்திலும், உரகாமியில் சாகக் கிடப்பவர்கள் இதை மறக்கவில்லை.

அப்போதுதான் தாழ்வாரத்துப் பலகை முனகியது. மத்சுவோ ஒயரோடு வந்துவிட்டார் என்று நினைத்துத் திரும்பினாள். காகிதத் தட்டி நாலு விரல் திறந்திருந்தது. அந்த இடுக்கில் கறுப்பு அங்கியின் விளிம்பு. கீழே, ஈரமான காலுறை போட்ட இரண்டு பாதம். அசையவில்லை. எப்போது வந்தார், எதிலிருந்து கேட்டார் என்று தெரியவில்லை.

"சாமி வந்துட்டாரா?" என்று கேட்டார் அப்பா. காது மந்தம் என்றாலும் அவளுடைய கை விறைத்ததை அவர் கை உணர்ந்துவிட்டது. "உண்மையச் சொல்லு. வந்துட்டாரா?"

வந்துவிட்டார் என்றால், தாயைப் பறிகொடுத்தவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லமாட்டார், சொல்லாமலே போய்விடுவார். வரவில்லை என்றால் அது பொய். செத்துக்கொண்டிருக்கும் அப்பனிடம், சாமியாரின் காது கேட்க, மந்திரத்தின் தலையிலேயே வைக்கிற பொய். பொய்யின் மேல் சொன்ன கொஞ்சிரிசான் மறு உலகத்தில் செல்லுமா, செல்லாதா? கேட்டுச் சொல்லக்கூடிய ஒரே ஆள் தட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

அவள் இடுக்கையே பார்த்தாள். பாதங்கள் அப்படியே இருந்தன.

"இல்லப்பா" என்றாள். "பஸ் ஓடலையே. பனி முழங்கால் வரைக்கும் கெடக்கு. கூப்பிடு தூரத்துல ஒருத்தரும் இல்ல."

"நெசமா?"

"நெசமா."

அவர் முனக ஆரம்பித்தார். நாலாவது வரியில் சொல் மறந்து, பயந்துபோய் அவளைப் பார்த்தார். அவள் எடுத்துக் கொடுத்தாள். மறுபடி சிக்கினார், மறுபடி எடுத்துக் கொடுத்தாள். பிறகு இருவரும் சேர்ந்தே சொன்னார்கள், அர்த்தம் தெரியாமல். பாவத்தின் பெயரைச் சொல்லும் இடத்தில் அவர் தெளிவாக "மாவு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அக்கா" என்றார். அதற்கு மேல் அவள் குரல் மட்டும்தான் கேட்டது. ஆமென் வரை தனியாகவே சொல்லி முடித்தாள். மணிக்கட்டிலிருந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டியிருந்தது.

எழுந்து தட்டியைத் தள்ளினாள். தாழ்வாரத்தில் யாரும் இல்லை. பலகையில் இரண்டு ஈரத்தடம் மட்டும்.

வாசலில் மத்சுவோவின் குரல் கேட்டது. "அட சாமி! கொட்டுற பனியில ஏன் வெளிய நிக்கிறீங்க? கதவு திறந்துதானே கெடக்கு? எப்ப வந்தீங்க?"

தொமோயே வாசலுக்கு வந்தாள். மத்சுவோ தோளில் ஒயர்ச் சுருளோடு, "சொன்னாராம்மா? கடைசியா என்ன சொன்னாரு?" என்று கேட்டார். தகாவா சாமி தைலச் சிமிழை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். உதடு வெளுத்திருந்தது. தலையிலும் தோளிலும் இரண்டு விரல் கனத்துக்குப் பனி.

"இப்பத்தான் வந்தேன்" என்றார், அவளைப் பார்க்காமல்.

அவள் கண்ணைத் தாழ்த்தினாள். அவருடைய வலது ஷூ இடது காலிலும், இடது ஷூ வலது காலிலும் இருந்தன.

குனிந்து, வீட்டுச் செருப்பை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.