முழங்கால் வேலி

ஆளில்லாத தெருப்படம் எடுபடாது என்பது, தெருக்களை வடிவமைத்துக் கொடுக்கும் அந்த அலுவலகத்தில் எழுதாத சட்டம். மரம், வேலி, மதில் எல்லாம் வரைந்து முடித்ததும், நடந்து போகிற நாலு பேரைப் புகைப்படங்களிலிருந்து வெட்டி ஒட்டிவிட வேண்டும். "இல்லேன்னா கல்லறைக்கு வரைஞ்சீங்களான்னு கேப்பாங்க" என்பார் மேலாளர்.

புதுப்பிக்கப்போகும் ஒரு தெருவை வரைந்தவள், மூன்று பேரை எங்கிருந்தோ எடுத்து ஒட்டினாள். நாலாவது ஆள் அவள் தம்பி. நடைபாதை இல்லாத சாலையோரம் லாரி அடித்துச் செத்துப்போனவன். படத்திலாவது நிழலில் நிற்கட்டும் என்றுதான். அவனுடைய நல்ல படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதிலும் முழங்காலுக்குக் கீழே இல்லை. அதனால் மூன்றாவது மரத்தடியில், முழங்கால் உயர வேலிக்குப் பின்னால் நிறுத்திவிட்டாள். கெட்டிக்காரி. யாரும் கண்டுபிடிக்கவில்லை.

ஒரு வருடத்தில் படத்தில் இருந்தபடியே தெரு எழும்பியது. ஆளுயர மதில்கள் இடுப்பளவுக்கு இறங்கின. மரங்களைப் பார்வையிடப் போனவளை மூலைக்கடைக்காரர் பிடித்துக்கொண்டார்.

"மூணாவது மரத்தடியில ஒரு நீலச்சட்டைத் தம்பி நிக்குதே, யாரும்மா அது? நல்ல பிள்ளை, பாத்தா சிரிக்கும். ஆனா வேலியத் தாண்டி வந்து நான் பாத்ததில்ல."

ஓடிப்போய்ப் பார்த்தாள். அவன்தான். படத்தில் மடங்கியிருந்த காலர் அப்படியே மடங்கியிருந்தது.

"அக்கா, நடக்க வரல" என்றான்.

பயந்திருக்க வேண்டும். அவளுக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. அன்றிலிருந்து தினமும் காலையில் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அவனோடு பேசிவிட்டுத்தான் அலுவலகம் போனாள். கீழே மட்டும் குனிந்து பார்க்கவே இல்லை.

மூன்றாம் மாதம் மேலாளர் கூப்பிட்டார். "வேலி தடுக்கி ரெண்டு பேர் விழுந்துட்டாங்கம்மா. திங்கக்கிழமை எடுத்துடறாங்க. படத்துலயும் எடுத்துடு."

எடுத்துப் பார்த்தாள். அரை மனிதன் அந்தரத்தில் தொங்கினான். திங்கட்கிழமை தெருவே அவனை இப்படிப் பார்க்குமா, இல்லை அவன் இல்லாமலே போய்விடுவானா? எதுவானாலும் அவளால் தாங்க முடியாது. யார் யாருடைய கால்களையோ வைத்துப் பார்த்தாள், எதுவும் ஒட்டவில்லை. கடைசியில் கறுப்பு பேண்ட், பழுப்புச் செருப்போடு தன் கால்களையே படம் எடுத்து வைத்தாள். ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் அல்லவா, கச்சிதமாகப் பொருந்தியது.

திங்கட்கிழமை காலை எதிர்ப்பக்கக் குட்டை மதிலில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். வேலையாட்கள் கடைசிக் கம்பியைப் பிடுங்கி வண்டியில் போட்டுக்கொண்டு போனார்கள்.

தம்பி குனிந்து பார்த்தான். ஒரு அடி எடுத்து வைத்தான். பிறகு இன்னொன்று. அவன் காலில் பழுப்புச் செருப்பு. கடைக்காரர் கையசைத்தார், அவனும் அசைத்தான். நிழல் நிழலாகத் தாண்டி நேரே அவளிடம் வந்தான். அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

"வாக்கா, நடக்கலாம்."

இறங்கப் பார்த்தாள். முடியவில்லை. குனிந்தாள். முழங்காலுக்குக் கீழே பேண்ட் வெறும் துணியாகக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

அவன் கொஞ்சநேரம் காத்திருந்தான்.

"சரி, நீ மெதுவா வாக்கா" என்று சொல்லிவிட்டு நடந்தான்.