பதிவு வராத ஞாயிற்றுக்கிழமைகள்

'என் கணவர் சுரேந்தர்' என்று லேப்டாப்பில் தட்டிவிட்டு ரூபா அடுத்த வரிக்குப் போனாள். வரி வரவில்லை, தனியாக ஒரு கட்டம் வந்தது. அதன் ஓரத்தில் ஒரு கூட்டல் குறி. அதைத் தொட்டதும் படம் வேண்டுமா, பட்டியல் வேண்டுமா, அட்டவணை வேண்டுமா என்று கேட்டது. அவளுக்கு எதுவும் வேண்டாம். இன்று விடிகாலை ஐந்தரைக்குக் காலமானார் என்று எழுத ஒரு வரி இடம் இருந்தால் போதும்.

ஹாலில் ஐஸ் பெட்டியின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தெருப்பெண்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கொள்ளேகாலிலிருந்து வந்திருந்த சுரேந்தரின் அண்ணன் ஆறுமுகசாமிதான் அவளை எழுப்பி உள்ளறைக்கு அனுப்பியிருந்தார்.

"அவன் எழுதறதப் படிக்கிற சனம் இருக்குதல்ல அம்மிணி? அவங்களுக்கும் தாக்கல் சொல்லோணும். புள்ள வந்து சேர இன்னும் ரெண்டு மணி நேரம் ஆகும். அதுக்குள்ள ஒரு வரி போட்டுரு."

ஹைதராபாத்தில் வேலை பார்க்கும் ஜீவிதா பெங்களூரில் இறங்கி மைசூருக்கு டாக்சியில் வந்துகொண்டிருந்தாள். அவள் வந்தால் இந்தக் கட்டங்களை ஒரு நிமிடத்தில் சரிசெய்துவிடுவாள். ஆனால் அவளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. படித்ததெல்லாம் கன்னடமும் ஆங்கிலமும். ரூபாவும் கன்னடப் பள்ளிக்கூடம்தான். கல்யாணத்துக்குப் பிறகு சுரேந்தரிடம் கற்ற தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள்.

ஒரு தொழிற்சாலையில் எலெக்ட்ரீஷியனாக இருந்த சுரேந்தருக்கு ஆறு வருடம் முன்பு இரண்டு சிறுநீரகமும் போயின. திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். டாக்டருக்குச் சொல்ல நேரமில்லாத விஷயங்களை அவர் வலைப்பதிவில் எழுத ஆரம்பித்தார். ஊசி குத்தும்போது எங்கே பார்ப்பது, கல்யாண வீட்டில் எதைத் தொடலாம், ஒரு சொம்புத் தண்ணீரைக் காலையிலிருந்து ராத்திரி வரை எப்படி நீட்டிக் குடிப்பது. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பதிவு. அவரைப் போலவே மெஷினில் படுக்கிறவர்கள் எங்கெங்கிருந்தோ படித்துவிட்டுப் பதில் போட்டார்கள். இரண்டு வருடம் முன்பு சர்க்கரை அவர் கண்ணையும் வாங்கிக்கொண்டது. அதிலிருந்து அவர் சொல்லச் சொல்ல ரூபா தட்டினாள். பிறகு கீழே வந்திருப்பதைப் படித்துக் காட்டினாள்.

அப்போது எழுதும் பக்கம் வெறும் வெள்ளைக் காகிதம் மாதிரி இருந்தது. மேலே நாலு பொத்தான், ஓரத்தில் 'வெளியிடு'. அது மட்டும் போதுமானதாக இருந்தது. ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை திறந்தபோது எல்லாம் மாறியிருந்தது. யாரும் கேட்காமலே யாரோ மாற்றியிருந்தார்கள்.

அன்றைக்கு அவர் சொல்ல நினைத்தது நாலாவது மணி நேரத்தைப் பற்றி. முதல் மூன்று மணி நேரத்தை எப்படியும் ஓட்டிவிடலாம், கடைசி ஒரு மணிதான் ஆளைப் பிடித்து உலுக்கும் என்று தொடங்கினார். நிறுத்தி நிறுத்தி, நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். ஒரு பத்தி முடிந்தால் ஒரு கட்டம். மேலே ஏறித் திருத்தப் போனால் இரண்டு கட்டம் இடம் மாறியது. தமிழ் எழுத்து பாதியில் உடைந்து ஆங்கிலமாக விழுந்தது. அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. கடைசியில் எதையோ அழுத்தினாள். இரண்டு மணி நேரம் அவர் சொன்னதெல்லாம் போயே போய்விட்டது.

"போட்டாச்சா ரூபா?"

"போட்டாச்சு."

அது மட்டும் வாயில் வந்தது. இன்னொரு முறை சொல்லுங்கள் என்று கேட்கத் தெம்பில்லை. சொல்ல அவருக்கும் தெம்பிருக்காது. ராத்திரி நினைவிலிருந்து தட்டிப் போட்டுவிடலாம் என்று நினைத்தாள். ராத்திரி உட்கார்ந்தால் முதல் வாக்கியத்தைத் தவிர ஒன்றும் ஞாபகம் வரவில்லை. அந்த வாரம் முழுக்கத் திறந்து திறந்து மூடினாள்.

புதன்கிழமை டயாலிசிஸ் முடிந்து ஆட்டோவில் வரும்போது அவர் கேட்டார்: "யாராச்சும் ஏதாவது எழுதியிருக்காங்களா?"

"இல்லைங்க."

"மாதப்பன்கூடவா? வாரம் தவறாம எழுதுவாரே."

"யாரும் இல்லை."

பதிவே இல்லாதபோது பதில் எங்கிருந்து வரும் என்றுதான் அவள் நினைத்தாள். பழைய பதிவின் கீழே போய்க்கூடப் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமையும் கேட்டார். மறு வாரமும் கேட்டார். அதற்கடுத்த ஞாயிறு அவள் லேப்டாப்பை எடுத்து வந்தபோது, "விடு, எல்லாருக்கும் அவங்கவங்க பாடு. நம்ம புலம்பல எத்தன நாள் கேப்பாங்க?" என்றார். அவள் லேப்டாப்பைத் திரும்ப அலமாரியில் வைத்தாள். அப்போது மனதுக்குள் ஒரு நிம்மதி வந்தது. இன்றைக்கு வரை அவள் மறக்கப் பார்ப்பது அந்த நிம்மதியைத்தான்.

ஹாலில் யாரோ புதிதாக வந்து அழுதார்கள். ரூபா கட்டங்களை அப்படியே விட்டுவிட்டு, வரைவுகள் இருக்கும் இடத்துக்குப் போய்ப் பார்த்தாள். பெயரில்லாத பதினோரு வரைவுகள். ஒன்றிலும் எழுத்தில்லை. பிறகு, எழுத வேறு வழி ஏதும் இருக்குமா என்று வலைப்பதிவின் முகப்புக்குப் போனாள். மே மாதக் கடைசிப் பதிவு நின்றது. அதன் கீழே தொண்ணூற்றிரண்டு கருத்துகள் என்றிருந்தது.

முதல் சில, பதிவைப் பற்றியவை. அதற்குப் பிறகு: 'சார், இந்த ஞாயிறு பதிவு காணோமே?' அது மாதப்பன், தருமபுரி. அடுத்த வாரமும் அவர்தான்: 'சார், உடம்பு நல்லா இருக்கா? ஒரு வார்த்தை போடுங்க.' மூன்றாவது வாரம் ஏழெட்டுப் பேர் கேட்டிருந்தார்கள். அவர் நம்பர் யாரிடமாவது இருக்கிறதா, மைசூரில் எந்த ஆஸ்பத்திரி என்று ஒருவரை ஒருவர் விசாரித்திருந்தார்கள்.

ஜூலை ஒன்பதாம் தேதி ஒருவர் எழுதியிருந்தார்: 'நம்ம ஆளு பேசலன்னா என்ன அர்த்தம்னு நமக்குத் தெரியாதா? போய்ட்டாரு. நல்ல மனுஷன்.'

அதிலிருந்து எல்லாமே இரங்கல். ஒரு பெண் எழுதியிருந்தாள், அவள் அப்பா மெஷினில் படுத்து அழும்போதெல்லாம் சார் எழுதியதைத்தான் காதருகில் படித்துக் காட்டுவாளாம்.

ரூபா ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தாள். ஜூலை ஒன்பது. அன்றைக்கு அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ரேடியோவில் கிரிக்கெட் கேட்டார். உப்புமாவில் உப்பு போதவில்லை என்று சண்டை பிடித்தார். அன்றைக்கு இவர்கள் எல்லாரும் அவருக்காக அழுதிருக்கிறார்கள். அவரோ, ஒருத்தரும் தன்னைக் கேட்கவில்லை என்று உட்கார்ந்திருந்தார்.

கதவை லேசாகத் தள்ளிக்கொண்டு ஆறுமுகசாமி எட்டிப் பார்த்தார். "என்னாச்சு அம்மிணி?"

"மாமா, இவங்க எல்லாரும் எழுதியிருக்காங்க. நான் அவருகிட்ட யாரும் எழுதலன்னு சொல்லிட்டேன்."

அவருக்கு முழுதாகப் புரிந்ததா என்று தெரியவில்லை. "காப்பி ஒரு வாய் குடிக்கறயா?" என்றார். அவள் தலையாட்டி மறுத்தாள். அவர் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

கடைசிக் கருத்து முந்தாநாள் வந்தது. பொன்னம்மா, ஆத்தூர். 'சார் இல்லைன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு மனசு ஒப்பல. இருந்தா பதில் போடுங்க சார். எங்க வீட்டுக்காரருக்கு உருளைக்கிழங்கு மேல ஒரே ஆசை. குடுத்தா ஆபத்தா?'

அதன் கீழே பதில் எழுதும் பெட்டி இருந்தது. அதை மட்டும் யாரும் மாற்றவில்லை. கூட்டல் குறி இல்லை. வெறும் வெள்ளை.

ஆறு வருடம் உருளைக்கிழங்கை அவள்தான் செய்தாள். யோசிக்காமல் விரல் ஓடியது. 'சின்னச் சின்னதா நறுக்குங்க. நெறய தண்ணியில ரெண்டு மணி நேரம் ஊறப் போட்டு அந்தத் தண்ணிய கொட்டிடுங்க. வேற தண்ணியில வேகவெச்சு அதையும் கொட்டிடுங்க. பொட்டாசியம் ரிப்போர்ட்ட டாக்டர்கிட்ட காட்டி அவர் சரின்னு சொன்னா ரெண்டு ஸ்பூன், அதுவும் எப்பவாச்சும். கேட்டா இல்லைன்னு சொல்லி விரட்டாதீங்க.'

அழுத்தினாள். ஒரே அழுத்தில் போய் உட்கார்ந்தது. மேலே எழுதியவர் பெயர் தானாக வந்தது: சுரேந்தர், மைசூரு.

அப்போதுதான் அவள் என்ன செய்திருக்கிறாள் என்று அவளுக்கே தெரிந்தது. அழிக்க வழி தேடினாள். மூன்று புள்ளிகளைத் தொட்டு, எந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கூட்டிக்கொண்டிருக்கும்போதே கீழே புதிதாக ஒன்று வந்து விழுந்தது.

'சார்!! இருக்கீங்களா! நான் சொன்னேன்ல, நான் சொன்னேன்ல! இவருகிட்ட இப்பவே சொல்றேன். அழுவுறார் சார்.'

ரூபா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இன்னொன்று வந்தது. மாதப்பன். 'சாமி.' அந்த ஒரு சொல்தான்.

வெளியே கட்டைக்குரலில் யாரோ வழிவிடச் சொன்னார்கள். போன் அடித்தது. ஜீவிதா. "அம்மா, ஸ்ரீரங்கப்பட்டணா தாண்டிட்டேன். அரை மணில வந்துடறேன். அப்பாவ எடுத்துடாதீங்கம்மா."

"எடுக்க மாட்டாங்க. மெதுவா வா."

லேப்டாப்பை மூடிவிட்டு ஹாலுக்கு வந்தாள். ஆறுமுகசாமி பார்வையாலே கேட்டார்.

"இன்னைக்கு வேண்டாம் மாமா. நாளைக்குப் போட்டுக்கறேன்."

"செரி."

மின்மயானத்துக்குப் போகும் வண்டி வாசலுக்கு வந்துவிட்டிருந்தது. வண்டிக்காரர் ஒரு நோட்டை விரித்து வைத்துக்கொண்டு நின்றார். ஆறுமுகசாமி ஏதோ சொல்ல, அவர் காது கேட்காதவர் போல ரூபாவைப் பார்த்தார். "ஹெசரு ஏனம்மா?" என்று பெயரைக் கேட்டார்.

"சுரேந்தர்."

அவர் கன்னடத்தில் சுரேந்த்ரா என்று எழுதினார்.

"சுரேந்த்ரா அல்ல," என்றாள் ரூபா. "சுரேந்தர்."

"எல்லா ஒந்தே அல்வாம்மா?" எல்லாம் ஒன்றுதானே என்றார் அவர்.

"ஒண்ணு இல்லை. சரியா எழுதுங்க."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டு, எழுதியதை ஒரு கோடு போட்டு அடித்தார். அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். அவர் பக்கத்திலேயே, கொஞ்சம் பெரிதாக, மறுபடியும் எழுதினார்.