பால் வார்த்த விண்கல்

பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று டெல்லியே திரண்ட மறுநாள் அது. உலகெங்குமிருந்து விண்கற்கள் சேர்த்துவந்த மாதங்கி, அர்ஜென்டினாவில் விழுந்த இரும்புக்கல் ஒன்றை ஈரம் போக, மயூர் விஹார் வீட்டின் மூன்றாம் மாடிப் பால்கனியில் காயவைத்திருந்தாள். குரங்கு தட்டிவிட, அது அரசமரத்தடியில் போய் விழுந்தது. அவள் ஓடி இறங்குவதற்குள் கல்லுக்குக் குங்குமம் ஏறிவிட்டது.

"ஆகாசத்துலேர்ந்து விழுந்த சாமிடி! ஜல்தி, நீயும் ஊத்து!" என்று பக்கத்து வீட்டு ராஜி மாமி பால் தம்ளரை நீட்டினாள்.

"மாமி, அது வந்து..."

"என்னடி அது?"

கூட்டம் முழுவதும் திரும்பியது. அதற்குள் பூசாரியாகிவிட்ட காவலாளியின் கைத்தடி தரையில் ஒருமுறை தட்டியது. 'என் கல்' என்று சொல்ல வந்தவள் தம்ளரை வாங்கிக்கொண்டாள். பால் பட்டால் துருவேறும் என்று அங்கே அறிந்தவள் அவள் ஒருத்திதான். வானத்து நெருப்பைத் தாங்கி வந்த அந்த இரும்பின்மீது அவளே பாலை வார்த்தாள்.