ஆம்ப்ளிஃபயரின் உறுமல்

ஆம்ப்ளிஃபயரும் இடுப்புயரத்தில் இரண்டு ஸ்பீக்கரும் வாங்கி ஐந்து வாரமாகியும், அருள்ஜோதியால் ஒரு பாட்டை நிம்மதியாகக் கேட்க முடியவில்லை. ஸ்விட்சைப் போட்டதும் "ம்ம்ம்" என்று ஓர் உறுமல் கிளம்பிவிடும். இருபது வருடம் கோயில் பாடகர் குழுவில் பாடிய காது அவளுடையது. அந்த உறுமல் ஜி சுருதிக்கு ஒரு நூல் மேலே நிற்கிறது என்பதுகூட அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது. பாட்டில் ஆர்கன் கீழ்ச்சுருதிக்கு இறங்கும் இடத்திலெல்லாம் அது முந்திக்கொண்டு வந்து நின்றது.

"சத்தத்தக் கூட்டி வையேன், கேக்காது" என்றார் கணவர் குழந்தைராஜ், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

வோல்டேஜ்தான் காரணமோ என்று முதலில் நினைத்தாள். குறுவை நடவு நேரம். சுற்றுவயல்களில் மோட்டார் ஓடத் தொடங்கினால் வீட்டில் வோல்டேஜ் நூற்றெண்பதுக்கு இறங்கிவிடும். ஸ்டெபிலைசர் வாங்கி வைத்தாள். அது நாளெல்லாம் டக் டக்கென்று அடித்துக்கொண்டதுதான் மிச்சம். ஃபிரிட்ஜை அணைத்தாள், இன்வெர்ட்டரை அணைத்தாள், டிவி கேபிளைப் பிடுங்கினாள். உறுமல் கொஞ்சம் இளைத்ததே தவிர போகவில்லை. வாங்கிய கடைக்குப் போன் செய்தால், "பிளக்ல மூணாவது பின்ன மட்டும் கழட்டிட்டுப் பாருங்க மேடம்" என்றான் ஒரு பையன்.

"ஷாக் அடிக்காம இருக்கத்தான தம்பி அத வெச்சிருக்கு? அதப் போயி எதுக்குக் கழட்டணும்?"

அவன் போனை வைத்துவிட்டான். அரசு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற வேலை அவளுக்கு. அரை மில்லிகிராம் கூடினாலும் குறைந்தாலும் கணக்குக் கேட்பவள். வீட்டிலும் கடையிலும் ஆளாளுக்கு வாய்க்கு வந்ததைச் சொல்ல, அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சனிக்கிழமை காலை எலெக்ட்ரீஷியன் அப்துல் ஜலீல் வந்தார். ஆம்ப்ளிஃபயரை அவர் தொடவேயில்லை. இரண்டு ஒயர் கோத்த ஒரு குண்டு பல்பை எடுத்து, ஒன்றைக் கரண்ட் வரும் துளையிலும் மற்றதை எர்த் துளையிலும் வைத்தார். எர்த் சரியாக இருந்தால் பல்பு எரிய வேண்டும். எரியவில்லை. அடுத்த அறையிலும் எரியவில்லை. சமையலறையிலும் இல்லை.

"அக்கா, வாஷிங் மெஷின தொட்டா சுர்ருங்குமா?"

"ஆமா பாய். செருப்பு போட்டுக்கிட்டுதான் தொடுவோம்."

"எத்தன வருஷமா?"

"வீடு கட்டுனதுலேருந்து. பன்னெண்டு வருஷம்."

அவர் மெயினை அணைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனார். சுவரிலிருந்து இறங்கி மண்ணுக்குள் போன எர்த் கம்பியைப் பிடித்து இழுத்தார். பெரிதாக முயலக்கூட இல்லை. அது கையோடு வந்துவிட்டது. மண்ணுக்குள் இருந்தது ஒன்றரை அடிதான். நுனியில் குழாயும் இல்லை, தகடும் இல்லை.

இந்த வீடு எழும்பியபோது அவளும் குழந்தைராஜும் வேதாரண்யத்தில் வேலையில் இருந்தார்கள். கூடவே நின்று கட்டிக்கொடுத்தவர் கணவரின் அண்ணன் ஆண்டனி. போன் போட்ட அரைமணியில் அவர் மொபெட்டில் வந்து இறங்கினார். கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கொத்தனார் ஏமாத்திட்டான் போலருக்கு."

"கரி, உப்பு எல்லாம் கொட்டி, நானே நின்னு பாத்தேன்னு சொன்னீங்களே அத்தான்?"

"பன்னெண்டு வருஷமா ஒண்ணும் ஆகலையேம்மா."

"எம் பொண்ணு ஜெனிட்டா எத்தன நாள் ஈரக்காலோட அந்த மெஷின்ல துணி போட்டிருக்கா தெரியுமா?"

"விடு ஜோதி, அண்ணன் என்ன வேணும்னா செஞ்சாரு?" என்றார் குழந்தைராஜ். ஐந்து வாரம் கேட்ட உறுமலைவிட அந்த ஒரு வார்த்தை அவளுக்கு எரிச்சலாக இருந்தது. உள்ளே போய்விட்டாள்.

ஜலீல் குழாய் வாங்கிவந்து குழி வெட்ட ஆரம்பித்தார். யாரும் சொல்லாமலே ஆண்டனி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடப்பாரையை எடுத்தார். மூன்றடிக்குக் கீழே களி கடப்பாரையைக் கவ்விக்கொண்டது. அறுபத்தொரு வயதில் மூச்சு வாங்க வாங்க அவர் குத்தினார். ஒரு வார்த்தை மன்னிப்பு மட்டும் வாயிலிருந்து வரவில்லை. குழாயை இறக்கி, கரியும் உப்பும் போட்டு, நான்கு குடம் தண்ணீர் ஊற்றி முடிக்க மணி மூன்றாகிவிட்டது.

இப்போது குண்டு பல்பு பளிச்சென்று எரிந்தது. அருள்ஜோதி ஆம்ப்ளிஃபயரைப் போட்டு, ஸ்பீக்கரில் காதை ஒட்டி வைத்துப் பார்த்தாள். உறுமல் இல்லை. ஆர்கன் இசைத்தட்டை ஓடவிட்டாள். அரை நிமிடம்கூடக் கேட்டிருக்க மாட்டாள், நிறுத்திவிட்டு வெளியே வந்தாள்.

குழாயடியில் ஆண்டனி காலைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அத்தான், உங்க பொண்ணு அமலி வீட்டையும் நீங்கதான நின்னு கட்டுனீங்க? அதே கொத்தனாரா?"

ஆண்டனி குழாயை மூடினார். ஒரு கால் இன்னும் சேறாகவே இருந்தது. பிறகு வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஜலீல் பாய், அந்த பல்ப எடுத்துக்கிட்டு வாங்க. இப்பவே ஒரத்தநாட்டுல அமலி வீடு வரைக்கும் போயிட்டு வந்துரலாம்."