தெற்கு வாய்க்காலின் சக்கரவர்த்தி

மதகு திறந்து மூடும் லஸ்கர் சாமிதுரையின் மொபெட் பாலத்து முனையில் திரும்பியதுமே டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். ஒருவர் பேப்பரை மடித்து நீட்டினார். இன்னொருவர், "அண்ணனுக்கு சக்கர கம்மியா" என்று கடைக்குள் குரல் கொடுத்தார். வண்டியின் பின்னால் சாக்கில் சுற்றிக் கட்டியிருந்தது அந்த இரும்புக் கைப்பிடி. அதைச் செருகிச் சுற்றினால்தான் மதகுப் பலகை ஏறும், இறங்கும். தண்ணீர் யார் வயலுக்கு எப்போது போக வேண்டும் என்று அரசாங்கம் முறை வைத்திருக்கிறது. ஆனால் கைப்பிடி இருப்பது சாமிதுரையிடம்.

மதகுச் சுவரை ஒட்டி நின்ற பிரகதாவுக்கு உடம்பு சிலிர்த்தது. இது அப்படியே ரோமாபுரிதான். ஆடு மேய்க்கும்போது போன் ஒயரைக் காதில் மாட்டிக்கொண்டு அவள் கேட்பதெல்லாம் ரோமானியச் சக்கரவர்த்திகளின் கதை. அவர்கள் கண் விழிக்கும் முன்பே வாசலில் கூட்டம் வந்து நிற்குமாம், வணக்கம் வைக்க. வெஸ்பாசியன் என்பவர் இருட்டிலேயே எழுந்து கடிதங்களைப் படித்துவிட்டு, வந்தவர்களோடு பேசிக்கொண்டே தன் செருப்பைத் தானே மாட்டிக்கொள்வாராம். டொமிஷியன் என்பவர் தனியறையில் உட்கார்ந்து எழுத்தாணியால் ஈ குத்திக்கொண்டிருப்பாராம். நம்மூரில் வேலையில்லாதவனை ஈ ஓட்டுகிறான் என்பார்கள். உலகத்தையே ஆண்டவர் நிஜமாகவே ஈயோடு மல்லுக்கு நின்றிருக்கிறார். அதைக் கேட்ட அன்று அவள் சிரித்த சிரிப்பில் ஆடுகள் மேய்வதை நிறுத்தித் திரும்பிப் பார்த்தன. வேறு யாரிடமும் அவள் இதையெல்லாம் சொன்னதில்லை. யாரிடமும் எதையுமே சொல்கிற பெண் இல்லை அவள்.

இன்றைக்குப் பேசியாக வேண்டும். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, கடைமடையில், அவர்கள் குத்தகைக்கு எடுத்த வயலில் சம்பா நாற்றங்கால் வெடித்துக் கிடந்தது. நாற்றின் நுனி பழுத்துவிட்டது. இன்று தண்ணீர் வராவிட்டால் நடுவதற்கு நாற்று இருக்காது, இந்த வருடத்துக்கு விளைச்சலும் இருக்காது. அப்பா குவைத்தில். அம்மா விஜயலட்சுமி வரப்பில் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தாள். "ஆட்டுகிட்ட மட்டும்தான் பேசுவே நீ. லஸ்கரையும் ஒரு ஆடுன்னு நெனச்சிக்கிட்டுப் போயி பேசு" என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்.

சாமிதுரை டீயைக் குடித்து முடித்து வண்டியில் ஏறினார். பிரகதா முன்னால் போய் நின்றாள்.

"அண்ணே, தெக்கு வாய்க்கா..."

"இந்த வாரம் வடக்கு முறை. அப்பறம் பாப்போம். இப்ப நேரமில்ல பாப்பா."

எத்தனையோ தடவை கேட்ட கதை அவளுக்கு. ஹாட்ரியன் சக்கரவர்த்தி வழியில் போகும்போது ஒரு பெண் மறித்து முறையிடுகிறாள். நேரமில்லை என்கிறார் அவர். அப்படியானால் சக்கரவர்த்தியாக இருக்காதே என்கிறாள் அவள். அவர் திரும்பி வந்து, நின்று கேட்கிறார்.

"நேரமில்லன்னா லஸ்கரா இருக்காதீங்க."

சொன்னது தன் வாய்தானா என்று அவளுக்கே தெரியவில்லை. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கை அந்தரத்தில் நின்றது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எல்லாச் சக்கரவர்த்தியும் ஹாட்ரியன் இல்லை. நினைத்தவர் தலையையெல்லாம் எடுக்கச் சொன்ன கலிகுலா என்று ஒருவரும் இருந்தார். இவர் யாரென்று தெரியாமலே வாயைத் திறந்தாயிற்று. ஆனாலும் கால் நகரவில்லை.

"யாரு பொண்ணு இது?"

"குவைத்து நடராசன் மவங்க. வாயே தொறக்காத புள்ள."

"இதுவா வாயே தொறக்காது?" சாமிதுரை வண்டியை விட்டு இறங்கினார். சாக்கைப் பிரித்துக் கைப்பிடியை எடுத்து நீட்டினார். "காலைலேர்ந்து ராத்திரி வரைக்கும் எல்லாப் பயலும் எம்பேரச் சொல்லித்தான் திட்டுறான். இந்தா. இன்னைக்கு நீ இரு லஸ்கரா."

"அண்ணே, இஞ்சினியரு கேட்டா?" என்றார் பேப்பரை நீட்டியவர்.

"நான் இங்கதானே நிக்கிறேன். நீ போ பாப்பா. ஆத்துல தண்ணி கம்மி, ஒரு வாய்க்காலுக்குத்தான் காணும். மொதல்ல வடக்க எறக்கு. அப்பறமா தெக்க ஏத்து."

கைப்பிடி ஒரு ஆட்டுக்குட்டி கனம் கனத்தது. மதகின் மேல் ஏறி அவள் அதை வடக்குப் பலகையில் செருகிச் சுற்றினாள். முதலில் அசையவில்லை. உடம்பு முழுவதையும் கொடுத்து அழுத்தியதும் கிரீச்சென்று ஒரு சத்தம். பலகை இறங்கத் தொடங்கியது. அவள் சுற்றச் சுற்ற ஆறு அவள் சொல் கேட்டது. வடக்கு வாய்க்காலின் இரைச்சல் மெலிந்து, சலசலப்பாகி, நின்றே போனது. அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. செங்கோல் என்பது இதுதான். ரோமாபுரியில் எவர் கையிலும் இப்படி ஒரு ஆறு அடங்கியிருக்காது. கைப்பிடியை உருவித் தெற்குப் பலகையில் செருகினாள். கண்ணுக்குள் நாற்றங்கால் பச்சையாக எழுந்து நின்றது.

"லஸ்கரம்மா, ஒரு நிமிஷம் நில்லும்மா."

வடக்குக் கரையில் ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்து நின்றார். முழங்கால் வரை சேறு. கையில் மண்வெட்டி. வடக்கு வாய்க்கால் கடைசியில் சாகுபடி செய்கிற ஐயாவு. மதகுக்குப் பக்கத்து மடையில் நின்றவர், தண்ணீர் குறைந்ததைப் பார்த்துக் கரையோடே ஓடி வந்திருக்கிறார்.

"மேல உள்ளவனெல்லாம் மடைய அடச்சி வச்சிக்கிட்டான். எங்களுக்கு இப்பதான் தண்ணி எட்டிப் பாத்துச்சு. நாத்து கருகிப்போச்சும்மா."

நேரமில்லை என்ற சொல் அவள் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. எவ்வளவு சுலபமாக வருகிறது என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. சாமிதுரையைத் தேடினாள். அவர் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார். பாலத்தில் நின்ற அத்தனை பேரும் அவளையே பார்த்தார்கள்.

கைப்பிடியின் மேல் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. அவள் அதை விரட்டவில்லை.

"சொல்லுங்கய்யா" என்றாள்.

இரண்டு பலகைகளும் மூடியிருந்தன. போக இடமில்லாத தண்ணீர் அவள் காலுக்குக் கீழே சுவரைத் தொட்டுத் தொட்டு ஏறிக்கொண்டிருந்தது.